கொக்கின் வாயில் இருந்த மீன்

ஜினேந்திரர் துணை

திண்டிவனம்
12-2-1964

விழுப்புரத்திலிருக்கும் மகள் ஜெயமதிக்கு அப்பா ஸ்ரீபாலன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் தங்கை அனந்தவல்லியும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு.

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேனே என்று கலவரப்பட வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விஷயம் ஒரு கார்ட்டூன் படம். அனந்தவல்லியின் பள்ளி ஆண்டு விழாவில் காட்ட வந்திருக்கிறது. அடுத்த வாரம் விழுப்புரத்திலும் காட்டுகிறார்களாம். உனக்கு நாலு வயதில் ஒரு பெண் இருப்பதாகத் தெரிகிறது. அழைத்துப் போகலாமா கூடாதா என்பதைப் பெற்றவள் நீ முடிவு செய்ய வேண்டும். பார்த்தவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

படம் பத்து நிமிஷம். பேச்சு கிடையாது, வாத்தியம் மட்டும். ஒரு பெண் வாத்துக்கும் ஒரு கொக்குக்கும் காதல். காதல் என்றதுமே தலைமையாசிரியை கிருஷ்ணவேணி அம்மாள் பயந்துவிட்டார். பெற்றோரில் ஒருவர் முதலில் பார்த்துச் சொல்லட்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார். கண்டிப்பான அப்பன் என்று ஊரில் பெயரெடுத்தவன் அல்லவா! மண்டியில் மல்லாக்கொட்டை மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி மத்தியானமே ஓட்டினார்கள். இரண்டும் கழுத்தோடு கழுத்து உரசுவது ஒருமுறை வருகிறது, பொறுத்துக்கொள்ளலாம். அப்பன் வாத்து கொக்கின் முகத்தில் கதவைச் சாத்தும் இடத்தில் சின்னக் குழந்தைகள் அழக்கூடும். அதற்கு மீசை வேறு வரைந்திருக்கிறார்கள். வாத்துக்கு எங்கே மீசை? எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்தாற்போல் கொக்கு குளத்தில் இறங்கி ஒரு மீனைக் கவ்வித் தூக்கியது. நம் ஜைன வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிற காட்சியா இது? நிறுத்தச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் பிலிம் கருகிவிடும் என்றார் ஆபரேட்டர் அப்பாதுரை. நானே எழுந்துபோய் லென்ஸை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்தபோது அப்பன் வாத்து கதவைத் திறந்துவிட்டுக் கொக்கை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தது. உயிரைத் தின்றவனுக்குக் கதவு திறக்கிற கதை நம் பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாதுரை, "அது எங்கங்க துன்னுச்சு? அந்த வாத்துக்காக மீனைத் தண்ணியிலயே வுட்டுடுச்சு. அப்புறம் பாசியத்தான் துன்னுக்கினு கெடக்குது. நீங்கதான் கைய வச்சி மறைச்சிக்கினு நின்னீங்களே" என்றார். நான் நம்பவில்லை. மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஆறு வருஷத்துக்கு முன் நீ சக்கரபாணியை நம் வாசலுக்கு அழைத்து வந்தாய். ஜாதியையோ ரெயில்வே சம்பளத்தையோ நான் கேட்கவில்லை. மாமிசம் சாப்பிடுகிறவரா என்று ஒன்றுதான் கேட்டேன். "ஆமாங்க, ஆனா" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அனந்தவல்லியைக் கேட்டேன். நீ அவளுக்குக் கடிதம் போடுவது தெரியும், தெரியாததுபோல் இருந்துவிட்டேன். "அதை வுட்டுட்டேன்னு சொல்லத்தான்பா அன்னிக்கு வந்தாரு. இப்பவும் அக்கா கூடவே நம்மள மாதிரி பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடறாராம்" என்றாள். அன்றைக்குப் பொழுதிருந்தும் நான் இலை முன் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது, ஜெயமதி.

ஆகவே படத்தைக் குழந்தைக்குத் தாராளமாகக் காட்டலாம். மீன் வரும்போது மட்டும் அவள் கண்ணைப் பொத்திவிடாதே.

படம் விழுப்புரத்துக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இங்கே ஞாயிறன்று விழாவில் காட்டலாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் மூவரும் வாருங்கள். குழந்தையின் பெயரை நான் யாரிடமும் கேட்கவில்லை, அவளே சொல்லட்டும். சாயங்கால வண்டி வேண்டாம். இருட்டினால் நம் வீட்டில் இலை போடுவதில்லை என்பது மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. பொழுதிருக்கும்போதே வந்துவிடு, அம்மா.

மூவருக்கும் ஆசிகளுடன்,
அப்பா