ஊசி அக்காவுக்கு ஒரு சைக்கிள்

ஞாயிறு மாலை

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவர் மகனையும் ஒரு கை பிடிக்கச் சொல். நானும் நம் வாலுவும் நலம். போன வருடச் சீருடை அவளுக்கு முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கணக்குப் பாடத்தில் மட்டும் என்னைப் போலவே அங்கேயே நிற்கிறாள்.

"திடீர்னு எதுக்குங்க சைக்கிள்? யாருக்கு?" என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய். வாலுதான் உளறியிருப்பாள். பேசும்போதெல்லாம் அவள் என் தோளில் தொங்கிக்கொண்டிருப்பதால் மழுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, உட்கார்ந்து படி.

லீவு என்று உன்னிடம் சொன்னது பொய். ஐந்து வாரமாக என்னை சஸ்பெண்ட் செய்து வைத்திருக்கிறார்கள். மேம்பாலம் இறங்கும் இடத்தில், சைக்கிளில் போன ஒரு பெண்ணை என் பஸ் தட்டிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். சைக்கிள் அடையாளம் தெரியாமல் நசுங்கிவிட்டது. பஸ்ஸை உடனே நிறுத்திவிட்டேன் சின்னு. ஆனால் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர் அண்ணன்தான் இறங்கி ஓடினார். பயணிகள் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் வரை நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன்.

அந்தப் பெண்ணுக்குத் தலையிலும் அடி. அன்று காலை வீட்டுக் கதவைப் பூட்டியது வரைதான் நினைவிருக்கிறதாம். கண்டக்டர் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார், "அவங்க திடீர்னு குறுக்கே திரும்பிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடு. மறுத்துப் பேச யாருமில்ல. நான் பின்னாடி டிக்கெட் குடுத்துட்டிருந்தேன், எதையும் பார்க்கல. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, யோசிச்சுக்க." நான் யோசிக்கவேயில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் பதினேழு நாளில் விசாரணை. அங்கே அதையே வாயால் சொல்ல வேண்டும்.

சைக்கிள் அந்தப் பெண்ணுக்குத்தான். பேர் சொல்லாமல் வாங்கி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? சின்ன வயதில் வாடகைச் சைக்கிள் ஓட்டியதோடு சரி. அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டுவார் என்று போலீஸ்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கூட்டம் பாலத்தடியில் இருக்கும் சைக்கிள் கடை முன்னால்தான் கூடுகிறது. அங்கேயே போய் யோசனை கேட்டேன். வெட்கமில்லாத வேலைதான்.

நல்ல மனிதர்கள். ஆனால் ஒரு சைக்கிளைப் பற்றி அவர்களிடம் கேட்டால் பத்துச் சைக்கிளுக்குப் பதில் வருகிறது. பேங்க் கேஷியர் ஒருவர், கியர் இல்லாத சைக்கிளும் சைக்கிளா என்கிறார். டெய்லர் ஒருவர், கியர் என்பது சோம்பேறிகளுக்கு, முதலில் சீட்டைப் பாருங்கள் என்கிறார். மெல்லிய டயர் வேண்டுமா, தடித்த டயர் வேண்டுமா என்பதில் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். டெய்லர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் காலை அளக்கக் குனிந்தார். எனக்கில்லை, வீட்டுக்காரிக்கு என்று சொல்லிவிட்டேன். உன் தலையில் இன்னொரு பொய். "எவ்வளவு உயரம் இருப்பாங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்ணை நான் நின்று பார்த்ததே இல்லை. ரோட்டில் கிடந்ததைத்தான் பார்த்தேன். அதை மனதில் நிமிர்த்தி நிறுத்திப் பார்த்து, என் தோள் வரைக்கும் என்றேன்.

டெய்லர் சிரித்தார். "நம்ம ஊசி அக்கா அளவு! ரத்தம் எடுக்கறவங்க, அதான் அந்தப் பேரு. ஒரு பஸ்காரன் தட்டிட்டான். நின்னானாம், ஆனா இறங்கிக்கூடப் பார்க்கலையாம்." நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று தன் சைக்கிளையே என்னிடம் கொடுத்தார். பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போனேன். ஒரு பஸ் என்னை உரசுவது போலக் கடந்தது. ஓட்டியவன் நம் டிப்போ ஆள்தான், நல்ல டிரைவர். அந்தக் காற்று முதலில் என்னை வெளியே தள்ளியது, அடுத்த நொடி சக்கரத்தின் பக்கம் இழுத்தது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். முதல் நாளில்லையா, பழகிவிடும் என்று டெய்லர் முதுகில் தட்டினார்.

என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்க இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் ஒரு பொழுதுகூடத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். வாலுவுக்கு ஒன்றும் தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாலுவின் அப்பா

*

வியாழன் காலை

அன்புள்ள சின்னுவுக்கு,

என் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நீ கூப்பிடவில்லை. ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய்: 'அது எந்தக் கிழமை, எத்தனை மணி?' அதற்கு நான் பதில் போடவில்லை. இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல விடு, இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

போன ஞாயிறு சைக்கிளை முடிவு செய்வதற்காகக் கடைக்குப் போனேன். டெய்லர் ஒரு நீல நிறச் சைக்கிளை எடுத்து வைத்திருந்தார். கேஷியரும் அதற்குச் சம்மதித்துவிட்டார், அதுவே பெரிய அதிசயம். அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஊன்றுகோலை முதலில் வெளியே நீட்டி, அப்புறம் ஊசி அக்கா இறங்கினார். என் தோள் உயரம்தான். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே வருகிறாராம். எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். நழுவிவிடலாம் என்று பார்த்தேன். டெய்லர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், "அக்கா, இவர் வீட்டம்மாவுக்குச் சைக்கிள் பார்க்கறார். சரியா உங்க அளவு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று முன்னால் நிறுத்தினார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நீலச் சைக்கிளின் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். நல்ல சைக்கிள் என்றார். "முதல் வேலையா ஒரு கண்ணாடி மாட்டிக் குடுங்க. பின்னாடி என்ன வருதுன்னு அவங்களுக்குத் தெரியணும். நான் மாட்டல." பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான்தான் குறுக்கே போயிட்டேன்னு டிரைவர் எழுதிக் குடுத்திருக்காராம். இருக்கலாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கால் வலியக்கூடப் பொறுத்துக்கறேன். என்னால ஒரு பஸ்ஸே கவுந்திருந்தா, அத்தனை பேருக்கும் என்ன ஆயிருக்கும்னு நினைச்சு நினைச்சுத்தான் தூக்கம் போச்சு. இனிமே சைக்கிள் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

சின்னு, நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை அந்த அம்மாள் ராப்பகலாகச் சுமந்துகொண்டிருக்கிறார். காகிதத்தில் எழுதினால் அது டிப்போ ஃபைலுக்குள்ளேயே கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீங்க குறுக்கே வரலீங்க" என்றேன். சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டெய்லர் கேட்டார். நான்தான் பஸ்ஸை ஓட்டியவன் என்றேன்.

கேஷியர் என் சட்டையைப் பிடித்துக் கடைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க அவர" என்று ஊசி அக்கா அதட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் நேராத்தான் போனேனா?" என்று கேட்டார். நேராகத்தான் போனீர்கள், ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே போனீர்கள் என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க சைக்கிள் எனக்கு வேண்டாம். விசாரணையில இதையே சொல்லுங்க. அது போதும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று விசாரணை. கண்டக்டர் அண்ணன் வாசல் வரைக்கும் வந்து, "பைத்தியக்காரத்தனம் பண்ணாதே" என்று கெஞ்சினார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முன்னே எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். பேனாக்கள் நின்றுவிட்டன. நடுவில் இருந்த அதிகாரி கேட்டார், "அப்ப நீ எதைப் பார்த்துட்டிருந்தே?"

அது செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது.

பெரியவர் எழுவதற்கு முன்னால் உனக்குக் கிடைக்கிற பத்து நிமிடம். முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறும்போதே போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவேன். அதற்கு முந்தின வாரம் உன்னோடு பேசவே முடியவில்லை. அன்று அணைக்காமல் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்தேன். நீ கூப்பிட்டாய், மணி அடித்தது. எடுத்துப் பேசக்கூட இல்லை. 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் கையை நீட்டினேன். அவ்வளவு நேரம்தான். அதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். யார் கூப்பிட்டது என்று அதிகாரி கேட்டார். யார் கூப்பிட்டாலும் எடுக்கப் போனது என் கைதான் ஐயா, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்குப் பஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போகவில்லை. டிப்போவில் பஸ் கழுவும் பகுதிக்கு மாற்றம். போலீஸ் கேஸ் தனியாக நடக்கும், அது எப்படிப் போகும் என்று தெரியாது. வக்கீல் பயப்பட வேண்டாம் என்கிறார், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாலுவிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஆன்ட்டிக்கு நடக்க வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

டெய்லர் இன்று காலையில் தெருமுனையில் சைக்கிளில் எதிரே வந்தார். நிற்க மாட்டார் என்று நினைத்தேன். ஒரு காலை ஊன்றி நின்று, ஊசி அக்கா அந்த நீலச் சைக்கிளைத் தன் சொந்தக் காசில் வாங்கிவிட்டதாகவும், கால் சரியாகும் வரை அது கடையிலேயே நிற்கும் என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டார்.

வாலு தினமும் காலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு பல் தேய்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு வேலை அதிகம் என்று பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே தனியாக என்னென்ன நினைத்துக்கொண்டு பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்படி நினைக்காதே அம்மா. உனக்குக் கோபம் என்றால் என்னைத் திட்டு, வாய்விட்டுத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்போது என் கையில் ஸ்டீயரிங் இல்லை சின்னு. எந்த நேரமானாலும் கூப்பிடு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
வாலுவின் அப்பா