மகாபலிபுரத்து மணலில் சடுகுடு

22-1-1956, ஞாயிறு. செங்கற்பட்டு.

வரிசையாக எழுதினால் மனம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

1. ஆபீசார் எல்லோரும் மகாபலிபுரம் போனது.
2. சடுகுடுவுக்கு என்னை நடுவராக்கியது.
3. கடல் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்காமல் போனது.

காலையில் குப்பத்து ஜனங்களுக்கு வேட்டி, புடவை கொடுத்தோம். மாலையில் மணலில் சடுகுடு. மேனேஜர் ஒரு கட்சி, பியூன்கள் எதிர்க்கட்சி. “பெரியவர் பொய் சொல்ல மாட்டார்” என்று விசிலை என்னிடம் கொடுத்தார்கள்.

கடைசியாகப் பாடிக்கொண்டு போனவர் மேனேஜர். பியூன் முனுசாமி அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அவனை இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டார். அதற்கு முன்பே பாட்டு அறுந்துவிட்டதா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் ஓராண்டு வேலை நீட்டிக்கக் கேட்ட மனு அவர் மேஜையில் இருக்கிறது. கடைசிப் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை.

“அறவில்லை” என்றேன்.

“இன்னா சார், பாட்டு அறுந்தது குப்பத்துக்கே கேட்டுச்சே” என்றான் இன்னொரு பியூன்.

முனுசாமி காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே அவனை அடக்கினான். “வுட்றா. கடல் சத்தத்துல பெரியவருக்கு எங்க கேக்கும்?”

புறப்படும்போது மேனேஜர் என் தோளைத் தட்டினார். “அடுத்த மாசம் கடப்பாக்கம் போறோம். இனிமே எல்லா ஆட்டத்துக்கும் நீங்கதான் நடுவர்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? லாரியில் முனுசாமி எனக்கு இடம் விட்டு, செங்கற்பட்டு வரை நின்றுகொண்டே வந்தான்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. எனக்கு நன்றாகவே கேட்டது.