தானாக நட்டுக்கொள்ளும் மரங்கள்

மார்ச் 3

வெட்கக்கேடுதான், இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? வீட்டுப் படம் செய்யும் சாஃப்ட்வேரில் "புது வெர்ஷன் போடவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று அமுக்கிவிடுவது நான்தான். தம்பியோ, புது வெர்ஷன் வராததற்கு இன்டர்நெட் சரியில்லை என்று கேபிள்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

மார்ச் 5

தம்பி வீட்டை வரைவான். அதில் மரம் நடுவது, சோபா போடுவது, வாசலில் ஆள் நிறுத்துவது என் வேலை. எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு யார் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போடுவார்கள்? புது வெர்ஷன் இதையெல்லாம் தானே செய்துகொள்ளுமாம். "அது வந்துட்டா நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம்க்கா" என்கிறான்.

ரெஸ்ட்! பிறந்ததிலிருந்து என் மேல் இல்லாத அக்கறை.

மார்ச் 6

போட்டேவிட்டான். பழையதும் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த வாரம் பல் டாக்டரின் வீட்டுப் படத்தைக் கொடுக்க வேண்டும். அவர் இன்னொரு ஆபீஸிலும் கேட்டு வைத்திருக்கிறார். "எதுல செய்யலாம்?" என்றான்.

"பழசுலதான். புது மாப்பிள்ளைகிட்ட முதல் நாளே சாவிக்கொத்தக் குடுப்பாங்களா?"

சிரித்தான். சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 7

யாரிடமோ போனில், "அக்காவுக்கு இப்பத் தெரிய வேணாம்" என்கிறான். நான் உள்ளே வந்ததும் மழை வருமா என்று பேசுகிறான். குடை எடுத்துப் போகாத ஆளுக்கு மழையைப் பற்றி என்ன கவலை?

மார்ச் 9

அவன் சாப்பிடப் போன நேரம் பல் டாக்டர் வீட்டைப் புதுசில் திறந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறென்ன? ஜன்னலில் வெயில் விழுந்த அழகில் வாயடைத்துப் போனேன் — இதை அவனிடம் சொல்லமாட்டேன். அப்புறம் பார்த்தால் கூடத்தில் மரம், மாடிப்படியில் மரம். இருடா, உன்னைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று சேவ் செய்தேன்.

ஐயோ. புதுசில் சேவ் செய்தது பழசில் திறக்கவே மாட்டேங்குது. நான் வச்ச மரத்த எனக்கே காட்டாதா? வேற காப்பி? இடத்த அடைக்குதுன்னு போன மாசம் நான்தானே அழிச்சேன்.

மார்ச் 10

மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன். கத்துவான் என்று பார்த்தால், "அப்ப புதுசுதான்னு நீயே முடிவு பண்ணிட்ட" என்கிறான்.

"போன்ல யாருடா?"

"உனக்குச் சொல்லித் தர ஒருத்தரை வரச் சொன்னேன். முன்னாடியே சொன்னா அன்னிக்கு உனக்குத் தலைவலி வந்திருக்கும்."

வந்திருக்கும்தான்.

"நடுறதுக்கு அது போதும்க்கா. எங்க நடக்கூடாதுன்னு அதுக்குத் தெரியல. நீதான் பிடுங்கணும்."

பொழுது முழுக்கப் பிடுங்கினேன். இருந்தாலும் இவன் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மார்ச் 13

பல் டாக்டர் வேலையை எங்களுக்கே கொடுத்துவிட்டார். குளியலறையில் ஒரு மரத்தைப் பிடுங்க மறந்திருக்கிறேன். அவருக்கு அதுதான் ரொம்பப் பிடித்ததாம், கட்டாயம் வேண்டுமாம். தம்பி கூரையில் ஓட்டை வரைந்துகொண்டிருக்கிறான். எவ்வளவு பெரிய ஓட்டை என்று என்னைக் கேட்டான். மரம் இன்னும் வளருமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.