ஸ்டியரிங் என் வயிற்றில் நின்ற வாரம்

மார்ச் 3, திங்கள்

காருக்குப் புது பேட்டரி. நானே மாட்டினேன். ஒரே ஒரு குறை: சுவிட்சை அழுத்தினால் மேலும் கீழும், முன்னும் பின்னும் தானே நகர்கிற ஸ்டியரிங், பழைய பேட்டரியைக் கழற்றியதில் எதுவரை போகலாம் என்கிற தன் எல்லைகளை மறந்துவிட்டது. இப்போது துளி நகர்ந்து நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றாள் மனைவி. இதற்கெல்லாம் மெக்கானிக்கா?

அடுத்த திங்கள் அவள் புது வேலையில் சேருகிறாள். காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாளாம். பதினோரு வருஷமாக இந்த வீட்டுக்கு டிரைவர் நான்.

மார்ச் 4

முடித்துவிட்டேன். நான்கு திசையிலும் கடைசி வரை ஓடவிட வேண்டும். எங்கே முட்டி நிற்கிறதோ அதை எல்லை என்று ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். சீட்டை முன்னால் இழுத்து ஜம்மென்று உட்கார்ந்து செய்தேன். பத்தே நிமிஷம். நடுவில் அவள் கண்ணாடியைத் தட்டினாள்; இறக்கியதும் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். ஏசி வீணாகிறது என்று கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டேன்.

மார்ச் 5

அவளுக்கு ஸ்டியரிங் எட்டவில்லை. பாதி வழி வந்து நின்றுவிடுகிறது. சீட்டை முன்னால் தள்ளினால் முழங்கால் இடிக்கிறது. எனக்கோ கச்சிதம். நீ குள்ளம், வண்டி என்ன செய்யும் என்றேன். இறங்கிப் போனாள்.

மார்ச் 6

திங்கட்கிழமை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் — இங்கே என்ன பொய் — நிறையவே சந்தோஷம்.

மார்ச் 7

என்னைக் கேட்காமல் மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டாள். எல்லை பதியும்போது சீட்டில் யார் இருந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

“அதான் சார். உங்க மேல முட்டின இடத்தையே கடைசின்னு எடுத்துக்கிச்சு. வண்டி மேல தப்பில்ல.”

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. காரின் கையேட்டை விரித்து நீட்டினாள்: சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, யாரும் உட்காராமல் செய்யவும். அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு. இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று பாய்ந்தேன்.

“சொன்னேனே. கண்ணாடிய ஏத்திட்டீங்க.”

என்ன மனுஷன்டா நான்?

மார்ச் 8

இந்தத் தடவை அவளே செய்தாள். வெளியே நின்று, கதவு வழியாகக் கையை விட்டு சுவிட்சை அழுத்தினாள். ஆளில்லாத சீட்டை நோக்கி ஸ்டியரிங் வந்தது, வந்துகொண்டே இருந்தது. பழைய எல்லையைத் தாண்டி மூன்று விரல்கடை. அந்த மூன்று விரல்கடையும் நான்.

மார்ச் 10, திங்கள்

ஓட்டுகிறவரின் அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் பொத்தான்களில் ஒன்றாவதை அழுத்தினாள். சீட்டும் ஸ்டியரிங்கும் அவள் அளவுக்கு நகர்ந்து நின்றன. இத்தனை நாள் அது என் பொத்தான். என்னுடைய அளவு எங்கே என்றேன்.

“ரெண்டாவது காலியா இருக்கு. சாயந்திரம் வந்து பதிஞ்சுக்கோங்க.”

கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள், நான் சொல்வது கேட்கட்டும் என்று. கியர், சிக்னல், ஹாரன் என்று ஏழெட்டு அறிவுரை தொண்டை வரை வந்தன. போயிட்டு வா என்றேன்.

நான் பஸ்ஸில் போனேன். டிரைவருக்கு இரண்டு இடத்தில் யோசனை சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.