ஓரக்கல்லுக்கு அடியில் இருந்தவை

17 ஜூலை 1958, வியாழன்

இன்று மாலை வேலை முடிந்து வரும்போது, ஏரிக்குப் போகும் பாதையின் இரண்டு ஓரமும் வெளுத்துக் கிடந்தன. டி.டி.டி. பவுடர். ஓரக்கற்களையெல்லாம் புரட்டிப் போட்டு, சருகை வாரிக் கொளுத்தியிருந்தார்கள். கருவண்டுகள் மல்லாந்து கிடந்தன. கல்லூரி லேபில் செத்த பூச்சிகளுக்குச் சீட்டு ஒட்டுவது என் பிழைப்பு. உயிரோடு நான் பார்ப்பது இவற்றை மட்டும்தான். மூன்று மழைக்காலமாக ஞாயிறுதோறும் கல்லைப் புரட்டி இவற்றை எண்ணிவந்தேன்.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். சுகாதார இன்ஸ்பெக்டர் என்கிற அந்த ஆள் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டுப் பவுடர் போட்டீங்க?"

"நீங்கதானே சுவாமி சொன்னீங்க? போன ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போய், கல்லு கல்லா புரட்டி, எவ்வளவு வண்டு பாருங்கன்னு காட்டினீங்களே. உங்க பேர்லயே கம்ப்ளெயிண்ட் எழுதி ஆள் அனுப்பிட்டேன். தெருவுல எல்லாருக்கும் சந்தோஷம்."

அந்தக் காப்பியைப் பிடுங்கி அவன் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். நான் காட்டியது பெருமைக்கு. ஒரு மனிதனாவது பார்க்கட்டுமே என்றுதான் கூட்டிப் போனேன். தேடிப் பிடித்தேன் பார், ஆளை. அவனைத் திட்டித் திட்டி, கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறேன்.

நான் கிளம்பும்போது உபகாரம் போலக் கேட்டான்: "வேற எங்கேயாவது இருக்கா? சொல்லுங்க, நாளைக்கே போட்டுடலாம்."

இல்லை என்றேன்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாகப் போகும் பாதையில் இருக்கின்றன. இதை இங்கே எழுதியதே தப்பு.