ஏரிப் புத்தகம் பாஸாகிவிட்டது

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு.

அன்பு மகள் ஜெனிபருக்கு உன் நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம், என் காதைத் தவிர, அதைப் பற்றிக் கீழே வருகிறது, பயப்படாதே. அயர்லாந்துக் குளிரில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய், அதுவும் கீழே வருகிறது. முதலில் சந்தோஷ சமாசாரம், அதைக் கொட்டாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. நேற்று சாயந்திரம் ஏரிப் புத்தகம் பாஸாகிவிட்டது ஜெனி! இருபத்திரண்டு அத்தியாயமும்! ஒன்பது மணி நேரம் பதினாலு நிமிஷம், முழுக்க முழுக்க உன் நைனா குரல்! அம்மா கேசரி கிண்டி தெருவுக்கே கொடுத்துவிட்டாள், ஏதோ உனக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று எதிர்வீட்டு மணிகண்டன் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

என்ன ஏரி, என்ன புத்தகம் என்று உனக்குத் தெரியாது, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போன வருஷம் மில்லிலிருந்து ரிட்டயர்டு ஆகி, காலையில் டிபன் பாக்ஸ் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்த நாட்களில் பூமிகா டீச்சர் என்பவர் வீடு தேடி வந்தார். இப்போது யாரும் அச்சுப் போடாத, அந்தக் காலத்துப் பண்டிதர்கள் எழுதிய புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, கண் தெரியாதவர்களும் மற்றவர்களும் கேட்கும்படி இன்டர்நெட்டில் போடுகிற ஒரு குழுவில் அவர் இருக்கிறாராம். சம்பளம் கிடையாது. ஒருத்தர் படிப்பார், இன்னொருத்தர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகக் கேட்டுத் தப்புகளைப் பட்டியல் போட்டு அனுப்புவார், படித்தவர் அந்த இடங்களைத் திரும்பப் படித்துக் கொடுக்க வேண்டும். நம் மாதா கோயிலில் இருபத்தாறு வருஷம் முதல் வாசகம் படித்தவன் நான் என்று யாரோ சொல்லித்தான் டீச்சர் வந்திருக்கிறார். எனக்குக் கொடுத்த புத்தகம் நூறு வருஷத்துக்கும் முந்தியது, ஏரி, மதகு, வரத்துக் கால்வாய், எந்த மழைக்கு எந்தக் கரை உடையும், தண்ணீரை யாருக்கு முதலில் திறப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் போகிறது, நடுவில் மூச்சு விட இடம் இல்லை. ஆனாலும் என் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அந்த நிலத்துக்குத் தண்ணீர் திறந்த கணக்கெல்லாம் எழுதின புத்தகத்தை நான் ஊருக்குப் படித்துச் சொல்கிறேன் என்றதும் எனக்கு வந்த குஷியை உனக்கு எப்படிச் சொல்வேன்.

இப்போது காது விஷயம். முப்பத்தொரு வருஷம் ரோலிங் மில் சத்தம், இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதில் ஏதோ கொஞ்சம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தே மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. போன ஈஸ்டருக்குக் கோயிலில் மைக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததாம், அது தெரியாமல் நான் வாசகம் முழுவதையும் படித்து முடித்தேன், ஜனங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், என் வாசிப்பில் உருகிப் போனார்கள் என்று நினைத்தேன், அவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் சாமியார் என் தோளில் கை போட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க ஜோசப் என்றார், நல்ல மனுஷர். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் டீச்சர் வந்தபோது காதைப் பற்றி வாயைத் திறக்காமல் சரி என்றுவிட்டேன். இதுவும் போனால் என் குரலுக்குப் போக வேறு இடம் கிடையாது.

குழுவில் ஒரு சட்டம் உண்டு, முதல் அத்தியாயம்தான் பரீட்சை, அது மூன்று தடவை திரும்பி வந்தால் புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வாய்த்த கேட்பாளர் கடம்பத்தூர் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிற தணிகாசலம் என்பவர், மடைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பாராம். ஏரியும் மதகும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, விடுவாரா? முதல் தடவை நாற்பத்தொரு திருத்தம். அதில் கடைசியை அப்படியே எழுதுகிறேன், அம்மா சுவரில் ஒட்டி வைக்கச் சொன்னாள்: பன்னிரண்டாம் நிமிடம், புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியம் வருகிறது, அதற்கு ஒரு பெண் பதில் சொல்கிறார், இருவரையும் நீக்கவும். என்ன நடந்தது தெரியுமா? அத்தியாயம் முடிந்ததும் நான் பழக்க தோஷத்தில் கோயிலில் சொல்வதுபோல ஆண்டவரின் அருள்வாக்கு என்று சொல்லி முடித்திருக்கிறேன், அடுப்படியிலிருந்து உன் அம்மா இறைவா உமக்கு நன்றி என்று பதில் போட்டிருக்கிறாள்! மதகுக்கு அருள்வாக்கு! அனுப்புவதற்கு முன்னால் அவள்தான் முழுக்கக் கேட்டு ஓகே சொன்னவள். இன்னாடி விக்டோரியா, நீயாவது கவனிக்கக் கூடாதா என்றால், எனக்கு அது தப்பாவே தெரியலய்யா, கரீட்டாதான் இருந்திச்சி என்கிறாள்.

இரண்டாவது தடவை அவள் எளாவூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் நான் தனியாகப் பதிவு செய்து அனுப்பினேன், பதினேழு திருத்தத்தோடு திரும்பி வந்தது. கூடவே தணிகாசலம் எனக்கு மட்டும் தனியாக வாட்ஸப்பில் எழுதியிருந்தார். லாரி ஹாரன், கம்பெனி சங்கு, பக்கத்து வீட்டு மிக்சி, எல்லாத்துக்கும் நடுவுல நிறுத்தாம படிச்சிக்கினே போறீங்களே, உங்களுக்குக் காது கேக்கலயா என்று. ஜெனி, பொய் சொல்லலாமா என்று அரை நாள் யோசித்தேன். இன்னும் ஒரே தடவைதான் பாக்கி, உண்மையைச் சொன்னால் இப்போதே புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தோன்றியது. கடைசியில் ஆமாங்க, மில்லில் போச்சு என்று மூன்றே வார்த்தை எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் எழுதியிருக்கிறார்: அதுக்கு இன்னாத்துக்குப் பேஜாராவறீங்க, கேக்கறது என் வேல, படிக்கறது உங்க வேல. அவ்வளவுதான். முகம் பார்க்காத மனுஷர். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். மறுநாள் பூமிகா டீச்சரிடமும் நானே போய்ச் சொன்னேன், இதுக்கா இவ்ளோ நாள் மறைச்சீங்க என்று கோபித்துக்கொண்டார்.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மில்லில் எங்களுக்கு எப்போது காது கேட்டது? அந்த இரைச்சலில் எல்லாம் கை ஜாடைதானே. உன் அம்மாவுக்கு அதை அப்படியே சொல்லிக் கொடுத்தேன். மெத்தையை ஜன்னலில் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு நான் உள்ளே உட்காருவேன், அவள் எதிரே ஸ்டூலில். உள்ளங்கையைக் கீழே இறக்கினால் சத்தத்தைக் குறை, விரலைச் சுற்றினால் மறுபடி அந்த வரி, லாரி வந்தால் முஷ்டி, நிறுத்து. ஒரு வாரத்தில் சூப்பர்வைசரையே தோற்கடித்துவிட்டாள்! மூன்றாவது தடவை இரண்டே திருத்தம், அவ்வளவு சின்னதற்குத் திருப்பி அனுப்ப மாட்டார்களாம், பரீட்சையில் தேறினேன், புத்தகம் என்னுடையது! அதிலிருந்து ஏழு மாசமாக, காலை நாஷ்டா முடிந்ததும் சமையல் ஆரம்பிக்கும்வரை தினமும் இதே வேலைதான், முஷ்டியைக் காட்டிக் காட்டி அவளுக்குத் தோள்பட்டை வலி வேறு, தைலம் தேய்த்து விடுகிறேன். நேற்று கடைசி அத்தியாயத்தின் பட்டியல் வந்தது. திறந்து பார்த்தால் திருத்தம் எழுதுகிற கட்டம் எல்லாம் காலி. கீழே குறிப்பு என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி. வேளை தவறாமல் திருநீறு பூசுகிறவர் என்று டீச்சர் சொன்ன தணிகாசலம் எழுதியிருக்கிறார்: இறைவா உமக்கு நன்றி! அம்மா அதைப் படித்துவிட்டு அப்படிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. நீ அயர்லாந்து போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டது நிஜம், ஆனால் அந்தக் கோபம் நீ ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்த்தபோதே போய்விட்டது. இந்த இரண்டு வருஷமாகப் போனில் நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேனே, நைனாவுக்கு இன்னும் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை கண்ணு. நீ பேசுவது ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. நவம்பரில் நீ பரீட்சையில் தேறவில்லை, தனியாக இருக்க அழுகையாக வருகிறது என்று சொன்னாயாம், நான் ரொம்ப சந்தோஷம்மா, நல்லா சாப்டு என்றேனாம். நீ அதற்கப்புறம் என்னைக் கேட்கவே இல்லை, நைனா எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா சொன்னபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தணிகாசலத்திடம் சொன்ன அன்றைக்கே உனக்கும் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை, புத்தகம் முடியட்டும், கையில் ஒரு நல்ல சேதியோடு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். முகம் தெரியாத மனுஷரிடம் சொல்ல முடிந்தது, பெற்ற மகளிடம் முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

காதுக்கு மிஷின் அடுத்த மாசம் வைக்கப் போகிறார்கள், எவ்வளவு கேட்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதனால் நீ எனக்குக் கடிதம் எழுது, பெரிய எழுத்தில் வேண்டாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சையை மறுபடி எழுது, விடாதே, நானும் மூன்றாவது தடவைதான் தேறினேன். இருமலுக்கு மிளகுப் பொடி பார்சலில் வருகிறது, வெறும் வயிற்றில் சாப்பிடாதே. ஏரிப் புத்தகத்தின் லிங்க்கை அம்மா இன்றைக்கு அனுப்புவாள், ஒன்பது மணி நேரமும் கேட்கச் சொல்லவில்லை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, அம்மாவிடம் பேசி முடித்ததும் என்னையும் கூப்பிடு, வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். மில் ஜாடையில் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம், நானும் வைப்பேன். மனசு சரியில்லை என்றால் முஷ்டியைக் காட்டு. மில்லில் முஷ்டியைப் பார்த்தால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவோம். அவ்வளவு தூரத்துக்கு ஓடி வர முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் காட்டு ஜெனி, இனிமேல் நான் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளிச் சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே.

உன் நைனா,
ஜோசப்