குட்டிக்கரணம் போட்டாலும்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கரண்ட் வந்து வந்து போனது. கல்யாண ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் கொக்கி வைத்து முடித்தேன். குன்னத்தில் வீட்டு முன்னறையிலேயே டெய்லர் கடை வைத்திருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொக்கி வைக்கிற நாள், அவ்வளவுதான்.

மதியம் கொத்தனார் வந்தார். தெருக்கோடியில் நாங்கள் கட்டுகிற புது வீட்டில் பூச்சு வேலை மார்கழிக்குள் முடிந்துவிடுமாம், தையில் பால் காய்ச்சலாமாம். என் வீட்டுக்காரர் உடனே காலண்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடி போன பிறகும் கடை மட்டும் இந்தப் பழைய வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவர் ஏற்பாடு. எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பொன்னுத்தாய் அக்கா இல்லாமல் நான் பால் காய்ச்சுவதா? அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள். நான் தையல் படிக்க அப்பாவிடம் சண்டை போட்டவள். உடையார்பாளையத்துக்குப் போன் போட்டேன். அடித்தது, அடித்தது, நின்றது. அவள் மகள் நந்தினி கல்யாணத்திலிருந்து இப்படித்தான்.

கல்யாணம் போன ஆவணியில். அக்காவின் பட்டு ஜாக்கெட் நான் தைத்தது. முகூர்த்த நேரத்தில் கொக்கி எட்டவில்லை. "அளவு தெரியாத டெய்லரு" என்றாள், சம்பந்தி வீட்டார் முன்னால். என் வாய் சும்மா இருக்குமா? "நீ குடுத்த அளவு ஜாக்கெட்டப் பாத்துதான் தச்சேன். ஜாக்கெட்டு மாறல, ஆளுதான் மாறிடுச்சு" என்றேன். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ குட்டிக்கரணமே போட்டாலும் இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சாப்பிடும்போது இவரும் அதையேதான் சொன்னார். "குட்டிக்கரணம் போட்டாலும் வர மாட்டேன்னுட்டாங்கல்ல? இன்னும் என்ன போனு?"

போட்டுப் பார்க்கவில்லையே இன்னும்?

நவம்பர் 11, செவ்வாய்

பி.டி. டீச்சர் புவனேஸ்வரி சுடிதார் வாங்க வந்தது. முப்பதுகூட இருக்காது.

"ஏம்மா, குட்டிக்கரணம் சொல்லித் தருவியா?"

"யாருக்குங்க்கா, பேத்திக்கா?"

"எனக்கு."

சுடிதாரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. மற்றவர்களை நான் அப்படிப் பார்ப்பது வழக்கம், என்னை யாரும் பார்த்ததில்லை. வயது கேட்டது. நாற்பத்து நாலு என்றேன். கழுத்து வலி உண்டா என்றது. டெய்லரிடம் கேட்கிற கேள்வியா அது!

"அப்ப குட்டிக்கரணம் வேண்டாங்க்கா, கழுத்து மடங்கிடும். சக்கரம் போடுங்க. கார்ட்வீல். பக்கவாட்டுல போவணும், கை தாங்கிக்கும், தலை தரையில படாது."

தலை கீழே, கால் மேலே. அது போதும். அக்கா என்ன ஒலிம்பிக் நடுவரா, வித்தியாசம் பார்க்க?

கூலி வேண்டாமாம். சிரித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

நவம்பர் 13, வியாழன்

கொத்தனார் போன பிறகு புது வீட்டுப் பின்பக்கம், எம்-சாண்ட் குவியல் ஓரமாக முதல் பாடம். டீச்சர் குச்சியால் ஒரு கோடு போட்டது. கோட்டின் மேல் ஒரு கை, அடுத்த கை, பிறகு ஒரு கால், அடுத்த கால். சொல்லிவிட்டு அதுவே போட்டுக் காட்டியது. கண் இமைத்ததில் பாதியைக் கோட்டை விட்டேன்.

என் முறை. இரண்டு கையையும் மண்ணில் ஊன்றினேன். ஊன்றியபடியே நின்றேன். தொலைந்த ஊசியைத் தேடும்போது நான் நிற்கிற கோலம் அது.

"கை சரிங்க்கா. கால் எங்க?"

"இங்கதான் இருக்கு."

"அதான் பிரச்னையே. மேல வரணும்."

நாற்பத்து நாலு வருஷம் தரையில் பழகிய கால், சொன்னவுடன் கிளம்பிவிடுமா?

நவம்பர் 16, ஞாயிறு

தும்மினால்கூடத் தொடை வலிக்கிறது. இவர் கேட்டதற்கு, மிஷின் சூடு என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

நைட்டியோடு முயன்றது தப்பு. கால் கொஞ்சம் கிளம்பியது, நைட்டி அதைவிட வேகமாகக் கிளம்பி முகத்தை மூடிக்கொண்டது. உலகம் முழுக்கப் பூப்போட்டதாக இருந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டது. கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம்.

ஆகவே எனக்கே ஒரு பேன்ட் தைத்துக்கொள்ள முடிவு. கடையைச் சாத்திவிட்டு இடுப்புக்கு டேப் வைத்தேன். ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறேன், எனக்கு எடுத்து எத்தனை வருஷமாயிற்று! டேப் சொன்ன நம்பரை இங்கே எழுதப்போவதில்லை. ஜாக்கெட்டு மாறல, ஆளுதான் மாறிடுச்சு — என் குரலிலேயே கேட்டது. நன்றாக இல்லை கேட்க.

நவம்பர் 30, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். மணல் குவியலில் நான் மல்லாந்து கிடந்தபோது இவர் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சிறுவாச்சூர் காளிக்கு எதுனா வேண்டுதலா?"

"இல்ல."

"அங்கப்பிரதட்சணம் கேள்விப்பட்டிருக்கேன். இது புதுசா இருக்கு."

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ போடு, பாப்போம்" என்றார். போட்டேன். விழுந்தேன். "கால் மொழங்கால் ஒசரத்துக்கு வந்துச்சு. எறும்பு பயப்படும்" என்றார்.

இனி தினமும் பார்க்க வருவாராம். வீட்டு வேலைக்கு ஒரு நாள் இப்படி ஆசையாக வந்திருப்பாரா இந்த மனுஷன்?

டிசம்பர் 6, சனி

வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. வீங்கிவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. தை முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட துணியெல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது.

எனக்கெதுக்கு இந்த வேல? எவளோ கோவத்துல ஒரு வார்த்த சொன்னா, அதப் புடிச்சிக்கிட்டு இந்த வயசுல தலகீழா நிக்கிறேன் — லூசா நான்? அவ ஒரு போனு எடுத்தா கொறஞ்சா போயிடுவா? பக்கத்து வூட்டு நாய் செத்தாலே துக்கம் கேக்கப் போறவ. தங்கச்சி ஒருத்தி உசுரோட இருக்கேன், என்னன்னு கேக்க நாதியில்ல.

அழுதேன். எழுதவே வலிக்கிறது. போதும்.

டிசம்பர் 14, ஞாயிறு

வீக்கம் வற்றிவிட்டது. சக்கரம் இல்லை, ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

பேன்ட் கொடியில் காய்கிறது. நல்ல தையல். வீணாகப் போவானேன்?

டிசம்பர் 28, ஞாயிறு

எங்கள் நிலத்தில் முதல் பருத்தி எடுத்துப் புது வீட்டு ஹாலில் குவித்திருக்கிறோம். விழுவதற்கு இதைவிட நல்ல இடம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே கிடையாது. மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டு போனேன். டீச்சர் வந்தது. இவர் டப்பாவோடு வந்தார்.

இன்றைக்குத்தான் டீச்சர் என் தப்பைக் கண்டுபிடித்தது. நான் இரண்டு கையையும் ஒரே சமயத்தில் ஊன்றுகிறேனாம். "ஒண்ணு வெச்சப்புறம் ஒண்ணு வைங்க்கா. ஒடம்பு தன்னால திரும்பும். காலப் பாக்காதீங்க, கையப் பாருங்க." இன்னொன்று, நான் இத்தனை நாளும் இடது காலை உதைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். வலது காலை உதைக்கச் சொன்னது. மோட்டார் வாங்குகிற வரைக்கும் மிஷின் மிதித்த கால் அது. ஒரு உதைதான். கால் சுவர் உயரத்துக்குப் போய்விட்டது! இறங்கத்தான் தெரியவில்லை. பருத்திக்குள் குப்புற விழுந்தேன்.

"எறும்பு தப்பிச்சுது, இப்ப ஃபேனுக்கு ஆபத்து" என்றார் இவர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

போட்டுட்டேன்!

கை, கை, கால், கால். நின்றேன். விழவில்லை. ஹால் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் தலைகீழாகப் போய், திரும்பவும் நேராக வந்து நின்றது. ஒரு கணம் எனக்கு எடையே இல்லை. டேப் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

டீச்சர் விசில் அடித்தது. இவர் டப்பாவிலிருந்து எழுந்து நின்று, "டீ குடிக்கிறியா?" என்றார்.

ஜனவரி 7, புதன்

பருத்தி வியாபாரி குவியலுக்குள்ளிருந்து ஒரு ஹேர்பின்னும் மூன்று கொக்கியும் எடுத்து இவர் கையில் கொடுத்தாராம். "புது ரகமாங்க?" என்று கேட்டாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

உடையார்பாளையம் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தோம். அரியலூரில் பஸ் மாறும்போது இவர், "சேலைக்குள்ள பேன்ட் போட்டிருக்கியா?" என்று காதுக்குள் கேட்டார். நிச்சயதார்த்தத்துக்குக்கூட இவ்வளவு ரகசியம் பேசியதில்லை நாங்கள்.

அக்கா வாசலில் உளுந்து காயப் போட்டிருந்தாள். இவரைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும், "உங்க வூட்டுக்காரம்மா காப்பி குடிப்பாங்களான்னு கேளுங்க தம்பி" என்றாள். நான், "சக்கர கம்மியான்னு கேளுங்க" என்றேன். பாவம் இவர், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கியிருக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகை வைத்தோம். மாமாதான் எடுத்துக்கொண்டார். அக்கா கை நீட்டவில்லை.

சரி, இதற்குத்தானே வந்தோம்? எழுந்து வாசலுக்குப் போனேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். உளுந்துக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. கையை உயர்த்தினேன்.

"அடியே! உளுந்து! உளுந்துடி!"

ஆவணிக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

அதற்குள் நான் கிளம்பிவிட்டேன். கை, கை, கால், கால். கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. கடைசிக் கால் உளுந்து ஓரத்தில் விழுந்தது, ஆனால் நின்றேன். எதிர்வீட்டு வேலிக்கு மேல் நாலு தலை. மாமா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்னடி இது?"

"குட்டிக்கரணம்."

அக்கா இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "இதுவா? நான் போடாத குட்டிக்கரணமா? தலைய உள்ள மடிச்சு முன்னாடி உருளணும். இது சக்கரம். சக்கரம் வேற, கரணம் வேற. அளவு தப்பு, நீ தச்ச ஜாக்கெட்டு மாதிரியே!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிந்திய உளுந்தை நான்தான் கூட்டி அள்ளினேன்.

ஜனவரி 19, திங்கள்

வராட்டி போவட்டும். ஒலிம்பிக் நடுவரேதான்.

ஜனவரி 28, புதன்

விடிவதற்கு முன்னமே ஹோமம் முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் வந்தாயிற்று. புவனேஸ்வரி டீச்சர் பட்டுச்சேலையில் அடையாளமே தெரியவில்லை. பால் காய்ச்சுங்கள் என்று ஐயர் இரண்டு தடவை சொன்னார். நான் விறகு நனைந்திருக்கிறது, தீப்பெட்டி நமுத்திருக்கிறது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னும் எவ்ளோ நேரம் வேம்பு?" என்றார் இவர், மெதுவாக. வாசலைப் பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கையில் புது எவர்சில்வர் பானை, நிறையப் பால். தோளில் ஒரு மஞ்சப்பை. நேராக வந்து வாசப்படிக்கு ஒரு முழம் வெளியே நின்றுகொண்டாள். ஊரே பார்க்கிறது.

"என் வார்த்த வார்த்ததான்" என்றாள் சத்தமாக. "நீ குட்டிக்கரணம் போடல. போட்டிருந்தாலும் உன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்கப் போறதில்ல. அந்தா, அந்த வூடு." தெருவின் அந்தக் கோடியில் இருக்கிற எங்கள் பழைய வீட்டை முகவாயால் காட்டினாள். "இது புது வூடு. இதப் பத்தி நான் ஆவணியில ஒண்ணும் சொல்லல."

வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்து அழுததாக டீச்சர் சொல்கிறது. பால் பொங்கியதை நான் பார்க்கவே இல்லை. "மேற்கால பொங்கிச்சா, கிழக்கால பொங்கிச்சா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்?

பிப்ரவரி 1, ஞாயிறு

அக்கா மஞ்சப்பையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறந்து போனாள் என்றுதான் நினைத்தேன். இன்று பிரித்துப் பார்த்தால், அந்தப் பட்டு ஜாக்கெட்.

பழைய வீட்டுக் கடையில் உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரித்தேன். பட்டு கிழியக் கூடாது என்று ஒவ்வொரு நூலாக எடுத்தேன். இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன், தாராளமாக எட்டும். தளர்த்தி மிஷினில் ஓட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பிரிச்சு வுட்டுட்டியா?"

"ம். வந்து போட்டுப் பாரு. எப்ப வர்ற?"

"வெள்ளிக்கெழம வரேன்." கையோடு கேட்டாள், "உன் கட எங்க, இன்னும் அந்தப் பழைய வூட்டுலயா?"

"இல்லியே" என்றேன்.

போனை வைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, என்ன ஏது என்று கேட்காமல், மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தெருக்கோடிப் புது வீடு வரைக்கும் இறக்கி இறக்கி வைத்துத் தூக்கிப் போனோம்.